பழைய பேரிங்கைக் குப்பையில் போடாதீர்கள்

கியர்பாக்ஸை இறக்கியாயிற்று. பிரஷர் பிளேட்டும் கிளட்ச் பிளேட்டும் சாக்கின் மேல் கிடக்கின்றன. மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே உதவிக்கு நிற்கும் பையனைக் கூப்பிட்டு, “தம்பி, பத்துச் சக்கரத்துக்குக் கிளட்ச் பேரிங் ஒண்ணு வாங்கிட்டு ஓடியா” என்கிறார். கடைக்காரர் “எந்த மாடல்?” என்று கேட்க, பையன் போன் போடுகிறான். மேஸ்திரி வண்டியின் பெயரைச் சொல்கிறார். அந்தப் பெயருக்கு வழக்கமாக எது போகுமோ அதைக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். சாயங்காலம் கியர்பாக்ஸ் ஏறிவிடுகிறது. பத்து நாள் கழித்து அதே கியர்பாக்ஸ் மறுபடியும் இறங்குகிறது.

நாமக்கல், சங்ககிரிப் பக்கத்துப் பட்டறைகளில் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இதில் கடைக்காரர் மேல் தப்பில்லை. வண்டியின் பெயரைச் சொல்லிப் பேரிங் வாங்கியதுதான் தப்பு. லாரி என்பது பல கை மாறும் பொருள். யாரோ ஒருவர் எப்போதோ கியர்பாக்ஸை மாற்றியிருப்பார். 352 மி.மீ. கிளட்ச் இருந்த இடத்தில் ஃப்ளைவீலோடு சேர்த்து 380 மி.மீ. ஏற்றியிருப்பார். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மாடல் ஒன்று, பெல் ஹவுசிங்குக்குள் இருப்பது வேறொன்று. கழற்றிய பேரிங்குக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அதைத் துடைத்து, படித்து, அளந்து பார்த்த பிறகே கடைக்குப் போங்கள்.

எந்தப் பேரிங் கத்துகிறது?

“கிளட்ச் பேரிங்” என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் அந்த இடத்தில் மூன்று இருக்கின்றன. கிளட்ச் ஷாஃப்டின் மூக்கைத் தாங்கி, ஃப்ளைவீல் நடுவிலோ கிராங்க் ஷாஃப்ட் முனையிலோ உட்கார்ந்திருப்பது பைலட் பேரிங். பெடலை மிதிக்கும்போது ஃபோர்க் தள்ள, முன்னால் போய்ப் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துவது ரிலீஸ் பேரிங். அதே ஷாஃப்டைக் கியர்பாக்ஸ் பக்கம் தாங்குவது கியர்பாக்ஸின் முன் பேரிங். எது கெட்டது என்பதைக் கியர்பாக்ஸை இறக்கும் முன்பே காதால் கண்டுபிடித்துவிடலாம்.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். பெடலில் கால் வைக்காதபோது கரகரப்பு கேட்டு, முழுக்க மிதித்ததும் நின்றுபோனால் கியர்பாக்ஸின் முன் பேரிங்கைப் பாருங்கள். காலை மெதுவாக வைத்து, பெடலின் வெற்று ஆட்டம் முடிந்து எடை ஏறும் இடத்தில் “கிர்ர்” என்று தொடங்கினால் அது ரிலீஸ் பேரிங். பைலட் பேரிங் கொஞ்சம் மறைந்து விளையாடும். வண்டி ஓடும்போது ஷாஃப்டும் ஃப்ளைவீலும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் அதற்கு வேலையே இல்லை. பெடலை முழுக்க மிதித்துக் கியரில் போட்டு வண்டி நிற்கும்போதுதான் ஷாஃப்ட் நிற்க, ஃப்ளைவீல் மட்டும் சுற்றும். அந்த நேரத்தில் மட்டும் முனகல் வந்தாலோ, கிளட்ச் மிதித்தும் கியர் விழாமல் அரைத்தாலோ பைலட் மேல் சந்தேகப்படுங்கள். அது பிடித்துக்கொண்டால், கிளட்சை மிதித்த பிறகும் ஷாஃப்டைத் தன்னோடு இழுத்துச் சுற்றும்.

கெட்டது ஒன்றே என்றாலும், கியர்பாக்ஸ் இறங்கியபின் பைலட், ரிலீஸ் இரண்டையும் மாற்றிவிடுங்கள். இறக்கி ஏற்றும் கூலிக்கும், வண்டி லோடு இல்லாமல் நிற்கும் நாளுக்கும் முன்னால் பைலட் பேரிங்கின் விலை ஒன்றுமே இல்லை. இதில் மிச்சம் பிடிக்க நினைக்கும் முதலாளியிடம் நான் பொறுமையாக இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

எண்ணைப் படிப்பது

பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். பக்கவாட்டு முகத்தில் எண் பொறித்திருக்கும். மங்கலாக இருந்தால் சாக்பீஸைத் தேய்த்துத் துடையுங்கள், பள்ளத்தில் வெள்ளை நின்று எழுத்து தெரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடித்தாலும் தெரியும்.

6205 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 6, இது ஒற்றை வரிசைக் குண்டு பேரிங் என்கிறது. அடுத்த 2, அதன் பருமன் வரிசை. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள். 05 என்றால் உள்துளை 25 மி.மீ. இந்தக் கணக்கு 04-லிருந்துதான் செல்லும். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17 மி.மீ. ஆகவே 6203-இன் துளை 17, பதினைந்து அல்ல. கடை மேஜையில் இது அடிக்கடி குழம்பும்.

நடுவில் இருக்கும் அந்த ஒற்றை இலக்கத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். 6005, 6205, 6305 மூன்றுக்கும் துளை 25-தான். வெளிவிட்டம் முறையே 47, 52, 62. அகலம் 12, 15, 17. இதையே வெளிவிட்டத்திலிருந்து பாருங்கள். 47 மி.மீ. வெளிவிட்டத்தில் 6005 இருக்கிறது, 6204 இருக்கிறது, 6303-உம் இருக்கிறது. துளை மட்டும் 25, 20, 17 என்று மாறும். ஃப்ளைவீல் குழியை மட்டும் அளந்துவிட்டு “நாப்பத்தேழு எம்எம் கொடுங்க” என்று கேட்டால் மூன்றில் எதுவும் வரலாம். குழியில் மூன்றுமே அழகாக உட்காரும். ஷாஃப்ட் மூக்கு நுழையும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

இந்த அளவுகள் ஐஎஸ்ஓ 15 என்ற தரத்தின்படி உலகம் முழுக்க ஒன்றுதான். எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்பிசி, என்எஸ்கே, என்டிஎன் என்று எந்தக் கம்பெனியானாலும் 6205 என்றால் 25, 52, 15. கம்பெனி மாறுவதில் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது எண்ணுக்குப் பின்னால் வரும் வாலுக்குத்தான்.

வாலைப் படிக்காதவர்தான் பத்து நாளில் திரும்ப இறக்குகிறார். ஒரே 6205-இல் திறந்த பேரிங் உண்டு, தகட்டு மூடி போட்டது உண்டு, ரப்பர் சீல் போட்டது உண்டு. தகட்டு மூடி இரண்டு பக்கமும் இருந்தால் எஸ்கேஎஃப் 2இசட் என்று எழுதும், மற்றவர்கள் பெரும்பாலும் இசட்இசட் என்பார்கள். உரசி நிற்கும் ரப்பர் சீல் இரண்டு பக்கமும் இருந்தால் எஸ்கேஎஃப்பில் 2ஆர்எஸ்1, எஃப்ஏஜியில் 2ஆர்எஸ்ஆர், என்எஸ்கேயில் டிடியு, என்டிஎன்னில் எல்எல்யு. பெயர் வேறு, சங்கதி ஒன்று. பைலட் இருக்கும் இடம் கிளட்ச் பிளேட்டின் தூசு பறக்கும் இடம். அங்கே சீல் போட்டது இருந்ததென்றால் சீல் போட்டதையே வாங்குங்கள். “திறந்ததுதான் இருக்குது, கிரீஸ் அடைச்சுப் போட்டுக்கலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தக் கிரீஸ் சூட்டில் உருகி, சுற்றும் வேகத்தில் சிதறிக் கிளட்ச் பிளேட்டில் போய் உட்காரும். பிறகு மேட்டில் கிளட்ச் நழுவும்.

அடுத்து சி3. உள் ரேஸுக்கும் குண்டுக்கும் வெளி ரேஸுக்கும் நடுவே கம்பெனியிலேயே வைத்த இடைவெளி அது. 25 மி.மீ. துளையுள்ள குண்டு பேரிங்கில் சாதாரண இடைவெளி 5 முதல் 20 மைக்ரான். சி3 என்றால் 13 முதல் 28 மைக்ரான். தலைமுடியின் பாதிப் பருமன்கூட இல்லை. ஆனால் பைலட் பேரிங்கைக் குழியில் இறுக்கி அடிக்கும்போது வெளி ரேஸ் சுருங்குகிறது. கிளட்ச் சூடேறும்போது உள் ரேஸ் விரிகிறது. இரண்டும் சேர்ந்து அந்தச் சிறு இடைவெளியைத் தின்றுவிட்டால் குண்டு உருள இடமில்லாமல் நெரிபடும். பழையதில் சி3 என்று இருந்தால் புதியதிலும் சி3 வேண்டும். எழுத்தே இல்லையென்றால் அது சாதாரண இடைவெளி.

வெப்பத்தைப் பற்றி இன்னொன்று. வழக்கமான ரப்பர் சீல் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். கொல்லிமலை, ஏற்காடு ஏற்றத்தில் பாதிக் கிளட்சில் ஊர்ந்து போகும் வண்டியின் ஃப்ளைவீல் பக்கத்தில் அந்த ரப்பர் கருகிப்போகும். அதனால் வண்டிக் கம்பெனிகள் பல இடங்களில் சூடு தாங்கும் சீலும் கிரீஸும் உள்ள பேரிங்கைக் கேட்டு வாங்கிப் போடுகின்றன. அந்தச் செய்தி சி3-க்குப் பின்னால் வரும் கூடுதல் எழுத்துகளில் இருக்கும். உங்களுக்கு அர்த்தம் புரியவில்லை என்றாலும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

எண் அழிந்துபோனால்

வெர்னியரை எடுங்கள். துளை, வெளிவிட்டம், அகலம், இந்த வரிசையில் அளந்து எழுதுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும், ஏனென்றால் சுழன்று தேய்ந்த ரேஸ் வட்டமாக இருக்காது. அகலம் 15-க்கு 14.9 காட்டினால் கவலை வேண்டாம், புதுப் பேரிங்கிலேயே அந்த அளவு குறைய அனுமதி உண்டு. ஆனால் துளை 25-க்கு 25.4 காட்டினால் நில்லுங்கள். தேய்மானம் என்று நினைத்துவிடாதீர்கள். 25.4 என்பது சரியாக ஓர் அங்குலம்.

சங்ககிரியில் ஒரு முறை பழைய வண்டி ஒன்று வந்தது. ஓட்டுநரே முதலாளி. “மூணு தடவ பைலட் மாத்தியாச்சுங்கண்ணா. கியர் விழவே மாட்டேங்குது” என்றார். கியர்பாக்ஸை இறக்கி ஃப்ளைவீல் குழியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். 6204 பேரிங் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிப் பளபளவென்று ஏதோ தகடு. கொக்கியால் நெம்பி எடுத்தால், கூல்டிரிங்க்ஸ் டப்பாவை வெட்டி மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் தகடு மடிந்து, பேரிங் நடுமையத்தை விட்டு விலகி நின்றது. கழற்றிய பிறகு குழியை அளந்தால் 47.62. ஷாஃப்ட் மூக்கில், பேரிங் உட்காராத வேர்ப்பகுதியில் 19.05. பேரிங் உட்கார்ந்த இடம் அதைவிடத் தேய்ந்திருந்தது.

பக்கத்து லேத் பட்டறைப் பெரியவரிடம் இந்த எண்களைச் சொன்னேன். அவர் யோசிக்கவேயில்லை. “பதினஞ்சு நூல் குழி, ஆறு நூல் ஷாஃப்ட். அங்குல பேரிங்குப்பா இது” என்றார். எட்டு நூல் ஓர் அங்குலம். ஆறு நூல் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. பதினைந்து நூல் 47.625 மி.மீ. அகலம் நாலரை நூல், 14.288 மி.மீ. பிரிட்டிஷ் வழியில் வந்த இந்த அளவுப் பேரிங் ஆர்எல்எஸ் 6 என்ற எண்ணிலும், எல்ஜே முக்கால் என்ற பெயரிலும் கிடைக்கும். 6204-இன் அளவு 20, 47, 14. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் துளையில் கிட்டத்தட்ட ஒரு மில்லி தளர்வு, குழியில் அரை மில்லிக்கு மேல் தளர்வு. அந்தத் தளர்வில் ஷாஃப்ட் ஆட, மூன்று பேரிங்கும் ஒரு கிளட்ச் பிளேட்டும் போய்விட்டன. கடைசியில் ஷாஃப்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. சரியான பேரிங்கைச் சென்னையிலிருந்து வரவழைக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் முதல் தடவையே காத்திருந்தால் அவருக்கு மற்றதெல்லாம் மிச்சமாகியிருக்கும்.

பிரிட்டிஷ் வடிவமைப்பிலிருந்து வந்த பழைய வண்டிகளிலும், எங்கிருந்தோ பொருத்திய கியர்பாக்ஸ்களிலும் இந்த அங்குலக் கணக்கை எதிர்பாருங்கள். அளவு ஒன்று நீங்கலாக மற்றதெல்லாம் பொருந்துகிறது என்றால் மில்லிமீட்டரை 25.4-ஆல் வகுத்துப் பாருங்கள். காலும் அரையும் அரைக்காலுமாக வந்தால் விடை கிடைத்துவிட்டது. தகடு சுற்றும் யோசனை வரவே கூடாது.

ரிலீஸ் பேரிங்: எண் மட்டும் போதாது

பைலட்டுக்கு இருக்கும் உலகப் பொது எண் ரிலீஸ் பேரிங்குக்குக் கிடையாது. கிளட்ச் செய்யும் கம்பெனி ஒவ்வொன்றும் தன் எண்ணைப் போடும். அதனால் பழைய பேரிங்கை அதன் ஹப்போடு கடைக்கே எடுத்துப் போய்விடுங்கள்.

புதியதையும் பழையதையும் கண்ணாடி மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். பழையதின் முகம் தேய்ந்திருந்தால் அந்தக் குறைவை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இரண்டு மூன்று மில்லி வித்தியாசம் இருந்தால் வேண்டாம். பேரிங்கில் இருக்கும் மூன்று மில்லி, ஃபோர்க்கும் லிங்க்கும் தாண்டிப் பெடலுக்கு வரும்போது பல மடங்காகிவிடும். உயரம் கூடினால் பேரிங் எப்போதும் விரல்களில் உரசி நிற்கும், குறைந்தால் கிளட்ச் முழுக்க விடாது.

பிறகு முகம். பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகள் வளைந்திருந்தால் பேரிங்கின் முகம் தட்டையாக இருக்க வேண்டும். விரல்கள் தட்டையாக இருந்தால் பேரிங்கின் முகம் வளைந்திருக்க வேண்டும். இரண்டும் தட்டை என்றால் ஓரம் வெட்டும். இரண்டும் வளைவு என்றால் புள்ளியாகத் தொட்டுத் தேயும். பிரஷர் பிளேட்டை வேறு கம்பெனிக்கு மாற்றியவர்கள் பேரிங்கைப் பழையபடியே வாங்கி மாட்டிக்கொள்வது இங்கேதான். முடிந்தால் பிளேட்டையும் பேரிங்கையும் ஒரே கம்பெனி செட்டாக வாங்குங்கள். ஹப்பின் உள்துளை, ஃபோர்க் பிடிக்கும் காது, அது தள்ளும் வகையா இழுக்கும் வகையா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். இழுக்கும் வகையில், மாட்டியபின் கையால் ஒரு முறை இழுத்துப் பார்த்து வளையம் பூட்டியதா என்று உறுதி செய்யாமல் விடாதீர்கள்.

தொழில் பழகிய காலத்தில் நான் ஒரு புது ரிலீஸ் பேரிங்கைச் சுத்தம் செய்வதாக நினைத்து டீசலில் முக்கி எடுத்தேன். கையில் சுற்றினால் சல்லென்று சுற்றியது, சந்தோஷமாக மாட்டினேன். உள்ளே கம்பெனி அடைத்த கிரீஸெல்லாம் கரைந்து போயிருந்தது. அந்த வண்டி கத்திக்கொண்டே திரும்பி வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சீல் செய்த பேரிங்கை எண்ணெயில் கழுவக் கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கடை மேஜையில்

“அண்ணா, 6205 வேணுங்க. ரெண்டு பக்கமும் ரப்பர் சீல், சி3. பைலட்டுக்குங்க” என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரரின் பேச்சே மாறிவிடும். பெட்டியின் மேல் இருக்கும் எண்ணும் பேரிங்கின் மேல் இருக்கும் எண்ணும் வால் உட்பட ஒன்றா என்று பாருங்கள். எழுத்து பிசிறில்லாமல் இருக்க வேண்டும். நகத்தால் சுரண்டினால் அழியும் எழுத்து டூப்ளிகேட். எஸ்கேஎஃப் ஆதென்டிகேட், ஷாஃப்லர் ஆரிஜின்செக் போன்ற செயலிகளை அந்தந்தக் கம்பெனிகளே இலவசமாகத் தருகின்றன. சந்தேகம் வந்தால் அதில் சரிபார்க்கலாம். பில் போட்டுத் தரும் டீலரிடம் வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஃபோர்க் வாங்குங்கள், பெல் ஹவுசிங் வாங்குங்கள். பழைய பேரிங் மட்டும் வாங்காதீர்கள்.

மாட்டும் முன்

புதியது கையில் வந்தாலும் பழையதை இன்னொரு முறை பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் சூடு. செம்பழுப்பு என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெளி ரேஸின் வெளிப்புறம் கண்ணாடிபோல் மின்னினால் அது குழிக்குள் சுழன்றிருக்கிறது, குழி பெரிதாகிவிட்டது என்று பொருள். அந்தக் குழியில் புதுப் பேரிங்கும் சுழலும். முதலில் லேத்தில் கொடுத்துப் புஷ் போட வேண்டும், அல்லது ஃப்ளைவீலை மாற்ற வேண்டும். ரிலீஸ் பேரிங் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தால் ஃபோர்க் வளைந்திருக்கிறதா, அதன் புஷ் ஆடுகிறதா என்று பாருங்கள். முகம் முழுக்கச் சீராக வெந்திருந்தால் பெடலின் வெற்று ஆட்டம் இல்லாமல் ஓடியிருக்கிறது, அல்லது ஓட்டுநர் பெடல் மேல் கால் வைத்தே ஓட்டுகிறார்.

பழைய பைலட் வரவில்லையென்றால் உளியைத் தேடாதீர்கள். துளை நிறையக் கிரீஸ் அடைத்து, துளைக்குச் சரியான தடிமனுள்ள கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். கிரீஸ் பின்பக்கம் போய்ப் பேரிங்கைத் தானே வெளியே தள்ளும். குழி ஆழமில்லாமல் இருந்தாலும், பின்னால் திறந்திருந்தாலும் இது பலிக்காது, அப்போது புல்லர்தான். புதியதை அடிக்கும்போது அடி வெளி ரேஸில் மட்டும் விழ வேண்டும். உள் ரேஸில் அடித்தால் குண்டு வழியாக அடி போய் ரேஸில் குழி விழும். வெளி ரேஸுக்குப் பொருந்தும் சாக்கெட் ஒன்று இதற்குப் போதும். ஷாஃப்ட் பல்லில் கிரீஸை விரல் நுனி அளவு தடவி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது கையால் தள்ளியே பெல் ஹவுசிங் முகத்தோடு முகம் சேர வேண்டும். கடைசி அரை அங்குலம் நிற்கிறது என்று போல்ட்டை முறுக்கி இழுத்தால் ஷாஃப்ட் மூக்கு புதுப் பேரிங்கின் உள் ரேஸை நெரித்துவிடும். நின்றால் பின்னால் இழுத்து, கிளட்ச் பிளேட் மையத்தில் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி தள்ளுங்கள். சேர்ந்த பிறகு, மாட்டிய இரண்டு பேரிங்கின் முழு எண்ணையும், தேதியையும், கிலோமீட்டரையும் வண்டி ஃபைலில் எழுதுங்கள். நான் பெல் ஹவுசிங்கின் வெளிமுகத்திலும் வெள்ளைப் பெயின்டால் எழுதிவிடுவேன். அடுத்த முறை எந்த ஊரில் இறக்கினாலும் அங்கிருக்கும் மெக்கானிக்குக் கண்ணில் படும்.